மடிப்பும் வெட்டும்

சேலத்திலிருந்து மல்லூர், இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகைகளைப் படித்துக்கொண்டே பயணம் செய்வது என் நெடுநாள் வழக்கம். ஒரு வட்டாரத்தின் வாழ்வை அதன் பலகைகளைப் போல ஒளிவு மறைவின்றி எடுத்துரைப்பது வேறொன்றில்லை. ஜவ்வரிசி ஆலை, கோழித் தீவனம், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டி என இந்தச் சமவெளியின் பிழைப்பெல்லாம் அவற்றில் அடங்கியிருக்கும். சில ஆண்டுகளாக அவற்றின் நடுவே புதிதாக ஒன்று தலைகாட்டுகிறது. இடை மெலிந்த ஒரு பெண்ணின் படம். அதன்கீழ் தமிழ் எழுத்தில் ‘டம்மி டக்’ என்று இரண்டு சொற்கள்.

தமிழ் எழுத்துக்குள் வந்து இவ்விரு சொற்களும் படும் பாடு பெரிது. நம் நெடுங்கணக்கில் டகரம் ஒன்றே. ஆங்கிலத்தார் இரண்டு எழுத்துகளால் பிரித்துக் காட்டும் ஒலிகளை நாம் அந்த ஒன்றிலேயே அடக்கிவிடுகிறோம். ஆகவே வயிற்றைக் குறிக்கும் டம்மியும் போலியைக் குறிக்கும் டம்மியும் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. தேர்தல் காலத்தில் ‘டம்மி வேட்பாளர்’ என்று கேட்டுப் பழகிய நம் மக்களுக்கு இரண்டாவது பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘டக்’ என்றாலோ, கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு ஓர் ஓட்டமும் எடுக்காமல் வெளியேறுவது. ஒருமுறை பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, “போலி மருந்து விற்கிறவன் அதையும் எழுதி வைத்துக்கொண்டா விற்பான்?” என்று வியந்தார். அவர் வியப்பில் குற்றம் ஒன்றுமில்லை.

இது வேடிக்கையோடு நின்றிருந்தால் எழுதப் புகுந்திருக்க மாட்டேன். என் தமக்கையின் மகள் ஒருத்தி இந்தச் சொல்லால் பட்ட துன்பத்தை அருகிலிருந்து கண்டவன் நான். அவள் கணவர் நாமக்கல்லில் லாரிப் பட்டறையொன்றில் பங்குதாரர். மூன்று பிள்ளைகள், பின்னிரண்டும் வயிற்றை அறுத்து எடுத்தவை. மூன்றாம் பிள்ளைக்குப் பிறகு அவள் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக இரு பக்கமும் ஓடும் தசைகள் விலகி நின்றுவிட்டன. பழைய தழும்பின் வழியே குடல் பிதுங்கியது. அடிவயிற்றுத் தோல் சரிந்து தொங்கி, சித்திரை வெயிலில் அதன் மடிப்புக்குள் புண்ணாகும். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி இடுப்பில் வைக்க அவளால் இயலவில்லை. இறங்கிய குடலைச் சரிசெய்து, விலகிய தசைகளை இழுத்துத் தைத்து, மிகுந்த தோலை நீக்கிவிடலாம் என்றார் மருத்துவர். அவர் தந்த செலவுக் குறிப்பில் நீண்டதொரு லத்தீன் பெயரும், அதற்கு விளக்கம் போல ‘டம்மி டக்’ என்பதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன.

“மாமா, நீங்கள் தமிழ் வாத்தியார், சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர். இது என்னவென்று படித்துச் சொல்லுங்கள்” என்று அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். நான் படித்த தமிழ் அந்தக் காகிதத்துக்கு உடனே உதவவில்லை. என் தந்தையாரின் தையற்கடைதான் உதவியது.

மர்ஹூம் என் தந்தையார் சேலம் கோட்டைப் பகுதியில் தையற்கடை வைத்திருந்தார். பெண் குழந்தைகளுக்குப் பாவாடை தைக்கும்போது கீழ் ஓரத்துக்கு மேலே இரண்டு அல்லது மூன்று மடிப்புப் பிடித்து ஓட்டித் தைத்துவிடுவார். அதற்குக் கடையில் பெயர் ‘டக்கு’. பிள்ளை வளர வளர ஆண்டுக்கு ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் பாவாடை நீளும். ஒரு பெருநாளுக்கு எடுத்த துணி மூன்று பெருநாளுக்கு வரும். பிரித்த இடத்தில் மட்டும் வெயில் படாத பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகளை எண்ணியே எந்தப் பெண் எத்தனை ஆண்டாக அந்தப் பாவாடையை உடுத்துகிறாள் என்று சொல்லிவிடலாம். ஏழை வீட்டு அம்மாக்கள் கடைக்கு வந்தால் முதற்சொல்லே, “பாய், டக்கு நிறைய வைத்துத் தையுங்கள்” என்பதாகவே இருக்கும்.

ஆங்கிலத்திலும் அச்சொல்லுக்கு மடித்தல், மேலே இழுத்துச் சொருகுதல் என்பனவே பொருள். சட்டையைக் கால்சட்டைக்குள் சொருகுவதை நம் பிள்ளைகள் ‘டக்-இன்’ செய்வதாகச் சொல்வதும் அதுவே. இழுத்தல் என்னும் பொருளில் ஜெர்மானிய மொழிகளில் வழங்கிய ஒரு சொல்லிலிருந்து அது வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் உறவுச் சொல்லொன்றுக்கு வதைத்தல், துன்புறுத்தல் என்று பொருள். நெய்த கம்பளியை நனைத்து, மிதித்து, அடித்துக் கெட்டிப்படுத்தும் தொழிலாளிக்கு இங்கிலாந்தின் தென்மேற்கில் ‘டக்கர்’ என்று பெயர். இன்று அது குடும்பப் பெயராக எஞ்சியிருக்கிறது. நம் இளைஞர்கள் ஒன்றைப் புகழ்ந்து ‘டக்கர்’ என்பது வேறு கதை. ‘டம்மி’ என்பது குழந்தைகள் தங்கள் மழலையில் வயிற்றுக்கு வைத்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தேறியது. ஆக, தாய்மார் மழலையையும் தையற்காரர் மடிப்பையும் சேர்த்து, ஒரு பெரிய அறுவைக்குச் செல்லப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அடுப்பங்கரையில் நின்றுகொண்டே முடித்துவிட்டு வரலாம் போன்ற பெயர்!

செயலோ அப்படிப்பட்டதன்று. ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை அடிவயிற்றில் வெட்டி, தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்து விலா எலும்பு வரை உயர்த்துகிறார்கள். விலகிய தசைகளை நடுவில் இணைத்துத் தைக்கிறார்கள். பின்பு தோலைக் கீழ்நோக்கி இழுத்து, மிகுந்ததை வெட்டி எறிந்துவிட்டு மூடுகிறார்கள். நீர் வடியக் குழாய் வைக்கிறார்கள். வாரக்கணக்கில் பாரம் தூக்கலாகாது. காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ஆபத்து எல்லாப் பெரிய அறுவைக்கும் உள்ளது போல இதற்கும் உண்டு. என் தந்தையார் பிடித்த டக்கில் ஓர் அங்குலத் துணியும் குறைந்ததில்லை, வேண்டும்போது பிரிக்கலாம். இந்த டக்கைப் பிரிக்க முடியாது. உள்ளே தசையைத் தைப்பதை மட்டும் மடிப்பு என்று சொன்னால் பொருந்தும். வெளியே நிகழ்வது வெட்டு. என் மருமகளுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். அவள் முகம் வெளிறியது. ஆனாலும், “இப்போதுதான் மாமா எனக்குப் புரிகிறது. அங்கே சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தேன்” என்றாள்.

நம் சொல்லான ‘அறுவை’ இந்த வகையில் நேர்மையானது. அறுப்பதை அறுப்பதென்றே சொல்கிறது. ஆயினும் அதற்கும் துணிக்கும் உள்ள உறவை அறிந்தால் வியப்பாயிருக்கும். பழந்தமிழில் அறுவை என்றாலே ஆடைதான். தறியிலிருந்து அறுத்தெடுப்பதால் அறுவை, துணிப்பதால் துணி, துண்டாக்குவதால் துண்டு. சங்கப் புலவர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் உண்டு. அவர் துணி வணிகரே தவிர மருத்துவர் அல்லர். சேலத்தின் குகையிலும் இளம்பிள்ளையிலும், நாமக்கல் பக்கம் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அறுவையின் பழம்பொருள் நாள்தோறும் கண்முன் நிகழ்வது. பிற்காலத்தில் இளைஞர்கள் சலிப்பூட்டும் பேச்சையும் அறுவை என்றார்கள். இந்தக் கட்டுரையை அப்படிச் சொல்லாதிருக்க இறைவன் அருள்வானாக.

முந்தைய தலைமுறையில் இதற்கு ரண சிகிச்சை என்றும் சஸ்திர சிகிச்சை என்றும் வழங்கினர். இலங்கைத் தமிழர் இன்றும் சத்திரசிகிச்சை என்றே எழுதுகின்றனர். சஸ்திரம் என்பது ஆயுதம். ரணம் என்பது புண். அரபியிலும் புண்ணை வைத்தே பெயர். ஜுர்ஹ் என்றால் காயம். காயத்தோடு தொழில் புரிபவர் ஜர்ராஹ். கிரேக்கர் வேறுவிதமாகப் பார்த்தனர். ஆங்கிலத்தில் ‘சர்ஜரி’ என்று வழங்குவதன் மூலச் சொல்லுக்குக் கைவேலை என்று பொருள். நம் ஊர்க் கிழவிகள் ஒரு டாக்டரைக் ‘கைராசிக்காரர்’ என்று புகழும்போது, அறியாமலே அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு விளக்கம் சொல்கிறார்கள்.

குர்துபாவில் வாழ்ந்து சுமார் 1013இல் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி இத்துறையில் பெரும் பெயர். அவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ முப்பது பகுதிகள் கொண்டது. முப்பதாவது பகுதி முழுவதும் அறுவை மருத்துவம். ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்கள் அதில் உள்ளன. வயிற்றில் காயம்பட்டுக் குடல் கிழிந்தால் பெரிய எறும்புகளைக் கொண்டு விளிம்புகளைக் கவ்வவிட்டு, அவற்றின் தலைகளை மட்டும் தையலாக நிறுத்தும் முறையையும் அவர் குறிப்பிடுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போய் ஐரோப்பாவின் பாடநூலாயிற்று.

மீண்டும் நாமக்கல்லுக்கு வருவோம். வீட்டில் இந்தச் செய்தி பரவியபோது ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு சொல் விழுந்தது. அவள் மாமியார் காதில் விழுந்தது ‘ஆபரேஷன்’. லத்தீனில் அதற்கு வேலை, செயல் என்பதற்கு மேல் பொருளில்லை. நம் கிராமங்களிலோ, முன்னால் ஒன்றும் சேர்க்காமல் ஒரு பெண் ஆபரேஷன் செய்துகொண்டாள் என்றால் குழந்தைப் பேற்றை நிறுத்திக்கொண்டாள் என்றே பொருள். குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் நடந்த காலம் அந்தச் சொல்லின் மேல் போட்ட முத்திரை இன்னும் அழியவில்லை. வயிற்றில் ஆபரேஷன் என்றதும் அந்த அம்மாள் இரண்டு நாள் மருமகளோடு பேசவில்லை. என்னிடம் வந்து, “என்னைக் கேட்காமல் இப்படி ஒரு முடிவு எடுக்கலாமா, வாத்தியாரே?” என்று குறைபட்டுக்கொண்டார். விளக்கிச் சொன்ன பின்னரே தணிந்தார்.

அண்டை வீட்டுப் பெண்கள் காதில் விழுந்தது ‘பிளாஸ்டிக் சர்ஜரி’. வயிற்றுக்குள் பிளாஸ்டிக் வைத்துத் தைக்கப் போகிறார்கள் என்று ஒருத்தி சொல்ல, பின்னாளில் அது உருகுமா என்று இன்னொருத்தி கவலைப்பட்டாளாம். சிரிக்க வேண்டாம், இப்படி எண்ணுவோர் படித்தவர்களிலும் உண்டு. குடமும் வாளியுமாக நம் வீடுகளில் நிறைந்திருக்கும் அந்தப் பொருளுக்கும் இந்த மருத்துவத்துக்கும் தொடர்பு பெயரளவிலேதான். குயவர் களிமண்ணைப் பிசைந்து உருவாக்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இரண்டுக்கும் தாய். செர்மானிய மருத்துவர் கிரேஃபே மூக்கைப் புதிதாக அமைப்பது பற்றிய தம் நூலின் பெயரில் அச்சொல்லை 1818இலேயே ஆண்டார். பேக்கலைட் முதலிய செயற்கைப் பொருள்கள் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மருத்துவமே மூத்தது.

கிரேஃபேக்கு முன் இங்கிலாந்தில் ஜோசப் கார்ப்பியூ 1814இல் அம்முறையைக் கையாண்டார். அவருக்கு வழிகாட்டியது நம் நாட்டுச் செய்தியொன்று. மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவர் 1792இல் திப்பு சுல்தானின் படையினரிடம் சிக்கி மூக்கை இழந்தார் என்றும், புனேக்கு அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்தார் என்றும் இலண்டன் ஏடொன்று 1794 அக்டோபரில் படத்தோடு வெளியிட்டது. திப்புவைப் பற்றி அவர் எதிரிகளின் ஏடு எழுதியதை எப்படிப் படிக்கவேண்டுமோ அப்படிப் படிக்க வேண்டும். அந்தக் கைத்திறனைப் பற்றிய பகுதியில் ஐயமில்லை. அதே போர் முடிந்து 1792இல் எழுதப்பட்ட உடன்படிக்கையால்தான் சேலமும் பாராமகாலும் கும்பெனியார் கைக்குப் போயின. மண்ணைப் பிசைகிறவரின் கை, மண்ணைப் பிசைதல் என்னும் பொருளுடைய சொல்லுக்கு வழிகாட்டியது எண்ணிப் பார்க்கத் தக்கது.

அவள் கணவர் காதில் விழுந்ததோ ‘காஸ்மெட்டிக்’. நல்ல மனிதர்; மனைவியின் நோவை அறிந்தவர். ஆனால் காப்பீட்டு அலுவலர் அந்தச் சொல்லைச் சொல்லிக் காகிதத்தைத் திருப்பியபோது அவருக்கே ஓர் ஐயம் வந்துவிட்டது. “அழகுக்குத்தான் செய்கிறதென்றால் இத்தனை செலவு எதற்கு மாமா?” என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்குகளில் அழகு அறுவையும் ஒன்று. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் உடலைச் சீரமைப்பதும், உடல்நலத்துக்கு இன்றியமையாத மருத்துவத்தின் பகுதியாக வருவதும் அந்த விலக்கில் சேரா. ஆகப் பணம் கிடைப்பதும் கிடைக்காததும் காகிதத்தில் எந்தச் சொல் முதலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ‘குடலிறக்கம்’ என்று இருந்தால் ஒரு கதவு. ‘டம்மி டக்’ என்று இருந்தால் வேறொரு கதவு.

அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இதில் ஓர் அநீதி தெரியும். கிரேக்கத்தில் ‘கோஸ்மோஸ்’ என்றால் ஒழுங்கு; அணிகலனுக்கும் அதே சொல்; உலகுக்கும் அதே சொல். தமிழிலும் அப்படியே. அணி என்றால் வரிசை. அணி என்றால் நகை. படை அணிவகுக்கிறது, பெண் அணி பூணுகிறாள். ஒழுங்காக அமைந்ததே அழகு என்று இரு மொழியாரும் தனித்தனியே கண்டிருக்கிறார்கள். காலப்போக்கில் ஐரோப்பியர் அந்தச் சொல்லிலிருந்து ஒழுங்கை உதிர்த்துவிட்டு ஒப்பனையை மட்டும் வைத்துக்கொண்டனர். தசை விலகியது ஒழுங்கு குலைந்தது. அதைச் சேர்ப்பது ஒழுங்கு செய்வது. அதற்கு முகப்பூச்சின் பெயரைச் சூட்டிப் பெட்டியை மூடிவிடுகிறார்கள். 1899இல் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் கெல்லி என்பவர் ஒரு பெண்ணின் தொங்கும் வயிற்றிலிருந்து ஏழு கிலோவுக்கு மேற்பட்ட தோலையும் கொழுப்பையும் நீக்கியது இத்துறையின் தொடக்கக் கால நிகழ்ச்சிகளுள் ஒன்று. கெல்லி பெண்நோய் மருத்துவர், அழகுக்கலைஞர் அல்லர். பிரேசில் நாட்டுப் பிட்டாங்கி 1967இல் முந்நூறு பேருக்குச் செய்ததை ஆராய்ந்து எழுதிய காலத்தில்தான் வயிற்று அறுவை அழகுத் துறையின் உடைமை போல ஆயிற்று. 1970களில் இத்தாலியிலும் பிரான்சிலும் குழாய் வைத்துக் கொழுப்பை உறிஞ்சும் முறை பிறந்தது. அதைக் கேள்விப்பட்ட என் மருமகளின் கணவர், “திருச்செங்கோட்டு வண்டியைக் கூப்பிட்டுப் போர் போடுகிற மாதிரி” என்றார். இடுக்கண் வருங்கால் நகைக்கத் தெரிந்தவர்.

கொழுப்பு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் அது உடலில் சேர்வதோடு நில்லாமல் நடத்தையிலும் சேர்கிறது. ‘அவனுக்குக் கொழுப்பு’ என்றால் திமிர். இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் என்பார்கள். கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் நம் பக்கத்து அடுப்பில் வாரந்தவறாதவை. இதனால் வந்த வினை, வயிறு சரிந்தவளைப் பார்த்தால் தின்று கொழுத்தவள் என்று முடிவு கட்டுவது. கொள்ளு ரசம் குடித்தால் விலகிய தசை சேராது. இந்த அறுவையும் எடை குறைக்கும் மருத்துவமன்று. என் மருமகள் தின்று கொழுத்தவளல்லள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பட்டறைக்குப் பணம் சேர்த்தவள்.

அழகுக்காக உடலை மாற்றலாமா என்ற கேள்வியும் வீட்டில் எழாமலில்லை. படைப்பை மாற்றுவது தகாது என்று மாமியார் சொன்னார். பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் கேட்டபோது, நோயையும் குறையையும் நீக்குவது வேறு, வெறும் அழகுக்குச் செய்வது வேறு என்று மார்க்க அறிஞர்கள் பிரித்துப் பார்ப்பதை விளக்கினார். போரில் மூக்கை இழந்து வெள்ளி மூக்கு வைத்துக்கொண்ட அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு, அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை எடுத்துச் சொன்னார். அபூதாவூதிலும் திர்மிதியிலும் அது வருகிறது. மாமியார் அதன்பின் மறுக்கவில்லை. “அப்படியானால் டாக்டரிடம் சரியான பேரை எழுதச் சொல்லுங்கள்” என்றார். எங்கள் எல்லாரையும்விட அவரே விஷயத்தின் முடிச்சைக் கண்டவர்.

மருத்துவரிடம் நானும் உடன் சென்றேன். அவர் பொறுமைசாலி. குறிப்பைத் திருத்தி, தழும்பின் வழியே குடலிறக்கம், தசைச் சீரமைப்பு, மிகுதோல் நீக்கம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் செலவையும் தனித்தனியே எழுதித் தந்தார். காப்பீட்டார் முதலாவதை ஏற்றனர். மற்ற இரண்டையும் ஏற்கவில்லை. மீதிக்கு ஒரு வளையல் சோடி போயிற்று.

வயிறு என்பது வெறும் தோலும் குடலுமாக இருந்தால் இத்தனை பேச்சுக்கு இடமிராது. பிள்ளைத்தாய்ச்சியை நாம் ‘வாயும் வயிறுமாக இருக்கிறாள்’ என்கிறோம். உடன்பிறந்தாரை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்கிறோம். மகன் நலமாக இருக்கிறான் என்ற செய்தி வயிற்றில் பால் வார்க்கிறது. சேலத்தில் உருது பேசும் நம் சகோதரர்கள் வயிற்றைச் சொல்லியே கர்ப்பத்தைச் சொல்வார்கள். அரபியில் வயிறு ‘பத்ன்’. உள்ளே மறைந்திருப்பது ‘பாத்தின்’. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. தமிழ் இலக்கியத்தில் அகடு என்றால் வயிறு, உள் என்று இரு பொருளும் உண்டு. கருப்பைக்கு அரபியில் ‘ரஹிம்’. அருளாளன் என்னும் இறைவன் திருப்பெயரும், உறவைப் பேணுதல் என்னும் கடமையின் பெயரும் அந்த வேரைச் சேர்ந்தவை. வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: அங்கே இந்த அறுவைக்குப் பெயர் ‘ஷத்துல் பத்ன்’, வயிற்றை இறுக்குதல். மழலையில்லை, மடிப்பில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கையெழுத்திடும் முன் என் மருமகள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “தோலை இழுத்துக் கீழே வெட்டினால் தொப்புள் என்ன ஆகும்? அதையும் எடுத்துவிடுவார்களா?” அவள் கேட்ட குரலில் அச்சத்துக்கு மேல் ஏதோ இருந்தது. தொப்புள் கொடி உறவு என்று நாம் சும்மாவா சொல்கிறோம்? மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். தொப்புள் தன் வேரோடு அங்கேயே இருக்கும். அதைச் சுற்றி வட்டமாக அறுத்து விட்டுவிட்டு, மேலிருந்து இறங்கி வரும் தோலில் புதிதாக ஒரு துளையிட்டு அதன் வழியே வெளியே எடுத்துத் தைப்பார்கள். பட்டன் துளை வைப்பது போல என்று நான் எண்ணிக்கொண்டேன், சொல்லவில்லை. அவள் கையெழுத்திட்டாள்.

வீடு திரும்பியபோது வயிற்றைச் சுற்றி அகலமான இறுக்கப் பட்டை. மாமியார் அதைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை பெற்றவள் வயிற்றைப் பழைய பருத்தித் துணியால் சுற்றிக் கட்டுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். “இதைத்தானே நான் என் வேட்டித் துணியில் கட்டிவிட்டேன். நீதான் புழுக்கம் என்று மூன்றாம் நாளே அவிழ்த்துப் போட்டாய்” என்றார். அதில் கடிந்துகொண்டது பாதி, ஆறுதல் பாதி. அந்தக் கட்டு விலகிய தசையை ஒட்டவைத்திருக்கும் என்பதற்கில்லை; ஆனால் கட்டிவிட்ட கை அவருடையது.

ஆறு வாரம் கழித்து நான் சென்றிருந்த அன்று அண்டை வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். என்ன ஆபரேஷன், எதற்காக, உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறதா என்று சுற்றி வளைத்தார்கள். என் மருமகள் தையற்காரர் பேத்தியல்லவா! தொளதொளத்த சட்டையைக் கொண்டுவந்து, ‘கொஞ்சம் பிடித்துத் தாருங்கள்’ என்று கேட்பவர்களை அவள் சிறுவயதில் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாள். “குடல் இறங்கியிருந்தது. உள்ளே சேர்த்துவிட்டு, தொளதொளவென்று இருந்ததைப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள், மிச்சத்தை வெட்டிவிட்டார்கள்” என்றாள். எல்லாருக்கும் விளங்கிற்று. ஒருத்தி மட்டும் எத்தனை தையல் என்று கேட்டாள். உள்ளே எத்தனையென்று தனக்குத் தெரியாது, வெளியே தெரிவது ஒரே கோடுதான் என்று சொல்லிவிட்டு, தேநீர் போட எழுந்து சென்றாள்.